பத்து வாழ்த்துரையும் ஒரு காளையும்

நஞ்சுண்டனின் புத்தகத்துக்குப் பக்கம் கட்டியவன் நான்தான். அதனால் அதில் நடந்த அயோக்கியத்தனத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம்.

காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே இருபத்தாறு வருடமாக டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். காதுகுத்துப் பத்திரிகை முதல் கவிதைத் தொகுப்பு வரை எது வந்தாலும் செய்வேன். அதே லாட்ஜின் மூன்றாவது மாடியில் இருக்கிறது கொங்குச் சிறார் இலக்கிய வளர்ச்சிப் பேரவை. சிறார் இலக்கியம் அங்கே வளர்ந்ததாகத் தகவல் இல்லை. பேரவை வளர்ந்தது. முதலில் ஒரு அறை, இப்போது மூன்று அறை. வாசலில் 'அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை. குழந்தைகள் யாரும் அந்தப் படி ஏறி நான் பார்த்ததில்லை.

நஞ்சுண்டன் காங்கேயத்துக்காரர். பத்தொன்பது வயதில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தவர். பாடகிக்குத் தொண்டை கட்டினாலோ ஜெனரேட்டர் நின்றுபோனாலோ மேடைக்குத் தள்ளிவிடப்படும் ஆள் அவர்தான். நோட்டீசில் 'கலகல நஞ்சுண்டன்' என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் போடுவார்கள். கோயில் விசேஷம், கல்லூரி ஆண்டுவிழா, கல்யாண வரவேற்பு என்று இருபத்திரண்டு வருடம் அப்படியே போனது. ஒரு தடவை டிவி போட்டிக்குப் போய் இரண்டாவது சுற்றில் வெளியே வந்தார். நடுவர்கள் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே விழுந்து விழுந்து சிரித்துவிட்டதால், வாயைத் திறந்து என்ன செய்வது என்று அவருக்குப் புரியவில்லையாம்.

மேடையை ஏன் விட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்னால சோபாவுல உக்காந்திருக்கறவங்க சிரிக்க மாட்டாங்கண்ணா. பக்கத்துல இருக்கற பெரிய மனுசன் சிரிக்கறாரான்னு பாத்துப்போட்டுத்தான் சிரிப்பாங்க. சோபாவுக்கு முன்னால தரையில உக்காந்திருக்கும் பாருங்க பொடுசுக, அதுகதான் நெசமாச் சிரிக்கும். நான் முடிக்கறதுக்குள்ள 'அப்புறம்?'னு கேக்கும். இருபத்திரண்டு வருசத்துல என்னைய அப்புறம்னு கேட்டது அதுக மட்டுந்தானுங்க."

அந்த 'அப்புறம்'-க்காகத்தான் மனுஷன் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பை விட்டுவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தார்.

கதை இதுதான். ஒரு காளை நடுரோட்டில் உட்கார்ந்துகொள்கிறது. பஸ் நிற்கிறது. கண்டக்டர் கெஞ்சுகிறார், எழவில்லை. கவுன்சிலர் வந்து பேசுகிறார், எழவில்லை. போலீஸ்காரர் மிரட்டுகிறார், எழவில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர் மைக் செட்டோடு வந்து, காளைக்கு மாலை போட்டு, அரை மணி நேரம் பாராட்டிப் பேசுகிறார். காளை மாலையைத் தின்றுவிட்டு அப்படியே இருக்கிறது. அப்போது பஸ்ஸிலிருந்து ஒரு சின்னப் பெண் இறங்கி வந்து, 'கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் உக்காரோணும்' என்கிறாள். தள்ளி உட்கார வேண்டுமானால் எழுந்துதானே ஆக வேண்டும். காளை எழுந்துவிடுகிறது.

இருபத்துநான்கு பக்கம். உக்கடத்தில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் சாஜிதா பேகம் படம் போட்டிருந்தார். பதினேழாம் பக்கத்தில் காளை மாலையைத் தின்கிறது. வாயோரத்தில் ஒரு சம்பங்கி தொங்க, கண்ணில் அப்படி ஒரு நிம்மதி. ஸ்கேன் செய்யும்போது நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். டீ கொண்டுவந்தவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

பேரவையின் முத்திரை விழுந்த புத்தகத்தைத்தான் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்கள் வாங்கும் என்பதால் நஞ்சுண்டன் மூன்றாவது மாடிக்குப் போனார். பக்கம் கட்டுகிறவன் என்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். செயற்குழுவில் பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் அழகிரிசாமி தேங்காய் எண்ணெய் ஆலை வைத்திருப்பவர். செயலாளர் தம்பிதுரை ஏதோ ஒரு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் தும்மினாலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும் வியாதி அவருக்கு இருந்தது.

கதையை யாரும் படித்திருக்கவில்லை. அதனால் நஞ்சுண்டனே சொன்னார். பதினொரு பேரும் சோபாக்காரர்களைப் போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. விஷயம் முடிந்தது.

"காங்கேயம் காளை உக்காராதுங்க" என்றார் தலைவர். "எங்க தோட்டத்துல மூணு நிக்குது. ஒண்ணாவது உக்காந்து நான் பாத்ததில்லை."

"பொழுது உழுந்தா உக்காருமுங்களே?"

"பொழுது உழுந்தா நான் தோட்டத்துக்குப் போறதில்லீங்க."

காளை 'சற்றே இளைப்பாறுகிறது' என்று திருத்துவதாகத் தீர்மானமாயிற்று. அடுத்தது நீதி.

"கதையில நீதி என்னங்க?" என்று கேட்டார் செயலாளர்.

"காளை எந்திரிச்சிருச்சுங்க. பஸ்ஸு போயிருச்சுங்க. அவ்வளவுதானுங்க."

செயலாளர் யோசித்து எழுதினார்: 'நீதி: பொதுப் போக்குவரத்தின் அவசியம்.'

இவ்வளவோடு விட்டிருந்தால் நானே மாடி ஏறிப்போய் அவர்களுக்குக் கும்பிடு போட்டிருப்பேன்.

அச்சுக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சாகும். இது முப்பத்திரண்டு பக்கப் புத்தகம். தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் இரண்டு, கதைக்கு இருபத்துநான்கு, தலைவரின் ஆசியுரைக்கு இரண்டு. மிச்சம் நான்கு பக்கம்தான். அந்த நான்கில்தான் சனியன் உட்கார்ந்தது.

தலைவர் எழுதினால் துணைத்தலைவர் எழுத வேண்டாமா? துணைத்தலைவர் எழுதினால் பொருளாளருக்கு மனம் நோகாதா? ஒருவரை விட்டாலும் நன்றாயிருக்காது என்று மீதிப் பத்துப் பேரும் ஆளுக்கொரு பக்கம் வாழ்த்துரை எழுதினார்கள், போட்டோவோடு. நான்கு பக்கம் போக ஆறு பக்கம் வேண்டும். கதை பதினெட்டாயிற்று. கவுன்சிலர் போய்விட்டார்.

எழுதுவதற்கு அவர்களிடம் விஷயம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்காக அவர்கள் எழுதாமல் இருக்கவில்லை. துணைத்தலைவர் தலைவரின் ஆசியுரையைப் பாராட்டி எழுதினார். பொருளாளர் துணைத்தலைவரின் வாழ்த்துரையைப் படித்ததும் கண்கள் பனித்ததாக எழுதினார். சட்ட ஆலோசகர் அந்தக் கண்ணீரைப் பாராட்டினார். பத்தாவது ஆள் எழுதும்போது காளை என்று ஒரு பிராணி இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லை.

பிறகு, தலைவருக்கு மட்டும் இரண்டு பக்கமா என்ற முணுமுணுப்பு வந்தது. ஜனநாயக முறைப்படி எல்லாருக்கும் இரண்டாயிற்று. கதை எட்டுப் பக்கம். அதில் காளைக்கு உட்காரவே நேரமில்லை. வந்தது, எழுந்தது, போய்விட்டது. எல்லாரும் இரண்டு என்றால் தலைவருக்கு என்ன மரியாதை என்று தலைவருக்கு நான்காயிற்று. கதை ஆறு. செயற்குழுவின் குரூப் போட்டோவுக்கு நடுப்பக்கம் இரண்டையும் எடுத்தார்கள். கதை நான்கு.

"இன்னொரு பதினாறு பக்கம் சேத்திக்கலாமுங்க" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"முப்பத்திரண்டுக்கு மேல படிச்சாக் கொழந்தைங்களுக்குக் கண்ணு கெட்டுப்போயிருமுங்க" என்றார் செயலாளர். "போன வருசமே தீர்மானம் போட்டாச்சு."

நிர்வாகிகள் பட்டியல் ஒரு பக்கம். பேரவைப் பாடல் ஒரு பக்கம். உறுப்பினர் சேர்க்கைப் படிவம் ஒரு பக்கம். கடைசியில் ஒரே ஒரு பக்கம் பாக்கி இருந்தது. அதில் கதையைச் சுருக்கிப் போடலாம் என்று நான் எழுத்தைக் கடுகளவுக்குக் குறைத்துக்கொண்டிருந்தபோது மகளிர் அணிப் பொறுப்பாளர் சென்னியம்மாள் படியிறங்கி வந்தார். குழந்தைகள் புத்தகத்தில் குழந்தைகளுக்கு என்று ஒரு பக்கமாவது வேண்டாமா என்று கேட்டார். அதுவும் நியாயம்தான் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கடைசிப் பக்கத்தில் 'குறிப்புகள்' என்று தலைப்புப் போட்டுப் பன்னிரண்டு கோடு இழுத்தேன்.

நான் இழுத்தேன். என் விரல்தான். "செய்ய மாட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். வருடம் முழுக்கப் பேரவையின் அழைப்பிதழ்கள் என்னிடம்தான் வருகின்றன, அதனால் சொல்லவில்லை.

சாஜிதா பேகம் வந்து திரையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு படங்கூட இல்லையாண்ணா?"

"இருபத்தி மூணு போட்டோ இருக்குதும்மா" என்றேன். இது நான் செய்த இரண்டாவது அயோக்கியத்தனம்.

நஞ்சுண்டன் மட்டும் மூன்றாவது மாடிக்கு ஓடினார். நான் பின்னாலேயே போனேன்.

"கதை எங்கீங்க?"

"கதைதான் எல்லாருக்கும் தெரியுமுங்களே" என்றார் செயலாளர். "எங்ககிட்ட நீங்களே சொன்னீங்கல்ல?"

"கொழந்தைங்களுக்குத் தெரியாதுங்களே!"

தலைவர் கையைக் காட்டி அமைதிப்படுத்தினார். "கண்ணு, ஆத்திரப்படக் கூடாது. அட்டையில உம்பட பேரு இருக்குது. துடியலூர் மண்டபத்துல வெளியீட்டு விழா வெக்கறோம். எரநூறு கொழந்தைங்க வருது. ஏற்புரைன்னு உனக்குப் பத்து நிமிசம் முழுசாத் தாரோம். உன்ற கதைய அங்க சொல்லிக்கோ. வேற என்ன வேணும்?"

நஞ்சுண்டன் அப்படியே அடங்கிவிட்டார். இருநூறு குழந்தைகள், பத்து நிமிடம். படியிறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "புத்தகம் போனாப் போகுதுண்ணா. பத்து நிமிசம் போதும். எரநூறு பொடுசுக அப்புறம்னு கேட்டா, அதுவே எனக்குப் புத்தகந்தான்." அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மேடையில் இருபத்திரண்டு வருடம் இருந்த ஆளுக்கு ஏற்புரை என்பது எப்போது வரும் என்று தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

விழா காலை பத்து மணிக்கு. மூன்று பள்ளிக்கூட பஸ்களில் ஒன்பதரைக்கே குழந்தைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, திறக்கக் கூடாது என்று சொன்னார்கள், இன்னும் வெளியிடவில்லையாம். விசில் மாட்டிய உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் குறுக்கும் நெடுக்கும் நடந்து, யாரும் சிரித்துவிடாமல் பார்த்துக்கொண்டார். சோபாக்கள் பதினொன்றரைக்குத்தான் நிரம்பின. வரவேற்புரை, முன்னிலை உரை, தலைவரின் தொடக்கவுரை, பிறகு பத்து வாழ்த்துரை. புத்தகத்தில் இருந்ததையே எழுந்து நின்று படித்தார்கள். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. ஒவ்வொரு பொன்னாடைக்கும் போட்டோ. போட்டோ சரியாக விழவில்லை என்று இரண்டு பேருக்கு மறுபடி போர்த்தினார்கள்.

சென்னியம்மாள் மட்டும் எழுதியதைப் படிக்காமல் மனதிலிருந்து பேசினார். "எம் பேத்தி ரித்திகா இங்கிலீஷ் மீடியமுங்க. தமிழ் படிக்க மாட்டா. ஆனா இந்தப் புத்தகத்தைக் கையில எடுத்தவ கீழயே வெக்கலைங்க. எல்லா மூஞ்சிக்கும் மீசை வரைஞ்சு முடிக்க அவளுக்கு ரெண்டு நாளாச்சு. இதைவிட ஒரு புத்தகத்துக்கு என்ன பெருமை வேணும்?"

தலைவர் ஆசியுரைக்காக மறுபடி எழுந்தபோது மணி ஒன்றரை.

"கொழந்தைங்களே, எனக்குக் கொழந்தைங்கன்னா உசுரு. அதனாலதான் உங்க சத்தமே கேக்காத மூணாவது மாடியில உக்காந்து பதினாலு வருசமா உங்களுக்காக யோசிச்சுட்டிருக்கறோம். இந்தப் புத்தகத்தை நான் முழுசாப் படிச்சேன். குறிப்பா என்ற ஆசியுரை. நாந்தான் எழுதுனேங்கறதையே மறந்துபோட்டுப் படிச்சேன். காளைக் கதைன்னு சொன்னாங்க. தேடித் தேடிப் பாத்தேன், எங்கயுமே காளை இல்லை! காளைய எழுதாமயே காளைய நம்ம மனசுல நிறுத்தறாரு பாருங்க, அதுக்குப் பேருதான் எலக்கியம். அடுத்த வருசம் எழுத்தாளரும் இல்லாம ஒரு புத்தகம் கொண்டாரோணுமுன்னு பேரவைக்கு ஒரு யோசனை இருக்குது."

கைதட்டல். முன் வரிசையில் ஒரு பையன் அங்கேயே உட்கார்ந்தபடி தூங்கியிருந்தான்.

ஒன்று ஐம்பத்தெட்டுக்கு ஏற்புரை என்று அறிவித்தார்கள். நஞ்சுண்டன் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மைக் பக்கம் இரண்டடி வைத்திருப்பார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு முன்னால் வந்துவிட்டார்.

"ரெண்டு மணிக்குப் பஸ்ஸு கெளம்போணுமுங்க. அதனால நூலாசிரியர் சார்புல ஏற்புரையையும் நன்றியுரையையும் சேத்து நானே சொல்லிப்போடறேன். எல்லாருக்கும் நன்றி."

விசில் அடித்தது. இருநூறு குழந்தைகளும் வரிசையாக எழுந்தார்கள். நஞ்சுண்டன் மைக்குக்கு இரண்டடி தள்ளி அப்படியே நின்றுகொண்டிருந்தார். எனக்கு எதிலாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வாசலில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. நான்காம் வகுப்புப் படிக்கும் நித்யஸ்ரீ என்ற பெண் அவர் முன்னால் நின்று புத்தகத்தை நீட்டினாள். உள்ளே எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். "மாமா, நீங்க எந்தப் பக்கத்துல இருக்கறீங்க?"

நஞ்சுண்டன் வாங்கிப் புரட்டினார். முதலில் இருந்து புரட்டினார், பிறகு கடைசியில் இருந்து புரட்டினார். 'குறிப்புகள்' பக்கம் வந்ததும் என்னிடம் பேனா வாங்கி முதல் கோட்டில் எழுதினார்: 'ஒரு ஊர்ல ஒரு காளை நடுரோட்டுல உக்காந்துக்கிச்சு.'

அவள் வாய்விட்டுப் படித்தாள். நிமிர்ந்தாள். "அப்புறம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் வந்துவிட்டார். "அம்மணி, புதுப் புத்தகத்துல கிறுக்கக் கூடாது" என்று அந்தப் பக்கத்தை மட்டும் அழகாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு, அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் நகர்ந்தது. ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. "மாமா! அப்புறம்?"

நஞ்சுண்டன் ஓடினார். மண்டபத்து கேட்டைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறப்போகும் இடத்தில், அதற்கு நேர் முன்னால் போய், வேட்டியை மடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் பிரேக் அடித்தார். பின்னால் மற்ற இரண்டு பஸ்களும் நின்றன.

முதலில் கண்டக்டர் இறங்கினார். "ஏனுங்க, எந்திரிங்க. பொழப்பக் கெடுக்காதீங்க." அவர் எழவில்லை.

பக்கத்தில் நின்ற சாஜிதா பேகம் என் கையை அழுத்தினார். "ஆறாம் பக்கம்ணா" என்றார்.

துணைத்தலைவர் வந்து சிறார் இலக்கியத்தின் பொறுமையைப் பற்றிப் பேசினார். எழவில்லை. "பத்து" என்றார் சாஜிதா. சட்ட ஆலோசகர் வந்து பாதையை மறிப்பதற்கு என்ன பிரிவு என்று சொல்லி மிரட்டினார். எழவில்லை. பஸ்ஸுக்குள் ஒரு குழந்தை க்ளுக்கென்று சிரித்தது. விசில் அடித்தது. இரண்டு குழந்தைகள் சிரித்தன. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. "அப்புறம்? அப்புறம்?" என்று கத்த ஆரம்பித்தன.

மண்டபத்திலிருந்து மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைவர் வந்தார். மரியாதை இல்லாமல் ஒரு மனுஷன் எப்படி எழுவான் என்று யாரோ சொல்ல, மேடையில் மிச்சமிருந்த மாலையைக் கொண்டுவந்து நஞ்சுண்டன் கழுத்தில் போட்டார். போட்டோ எடுத்தார்கள். அன்றைக்கு மூன்றாவது முறையாகத் தலைவர் பேசத் தொடங்கினார். "கலகல நஞ்சுண்டன் அவர்கள் இந்த மண்ணின் செல்வம்..."

நஞ்சுண்டன் மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஒரு சம்பங்கியைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாக மெல்ல ஆரம்பித்தார்.

மூன்று பஸ்களும் குலுங்கின. விசில் சத்தம் கேட்கவே இல்லை. உடற்பயிற்சி ஆசிரியரே குனிந்துகொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சாஜிதா பேகம் பக்க எண் சொல்லவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். அந்தப் பதினொரு பேருக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் கதையைப் படித்திருக்க வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் சிரிக்காததால் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் பேச்சை நிறுத்தவுமில்லை.

நித்யஸ்ரீ பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். அவள் கதை படித்தவள் இல்லை. அவளிடம் இருந்தது ஒரு வரி, அதையும் கிழித்துவிட்டார்கள். அவர் பக்கத்தில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். நல்ல வெயில். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் புங்க மரத்து நிழல் கொஞ்சம் விழுந்திருந்தது.

"மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நானும் உக்காரோணும்."

நஞ்சுண்டன் மெல்லுவதை நிறுத்தினார். அவளையே பார்த்தார். பிறகு எழுந்தார். இரண்டடி தள்ளி உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அப்புறம்?" என்றாள். மூன்று பஸ்களின் கதவுகளும் திறந்தன. அன்றைக்குப் பத்து நிமிடமெல்லாம் இல்லை, முழுசாக ஒரு மணி நேரம்.

அடுத்த வாரம் பேரவையின் நடவடிக்கைக் குறிப்பு என்னிடம் டைப் செய்ய வந்தது. அதில் ஒன்பதாவது தீர்மானம் இப்படி இருந்தது: 'மண்டப வாசலில் உட்கார்ந்திருந்த நூலாசிரியர், தலைவர் ஆற்றிய மூன்றாவது உரையைக் கேட்டு மனம் மாறி எழுந்தார். அவ்வுரை இரண்டாம் பதிப்பில் குறிப்புகள் பக்கத்துக்குப் பதிலாகச் சேர்க்கப்படும்.'

எழுந்தார் என்பது உண்மைதான். மறுபடி உட்கார்ந்ததை எழுதவில்லை. டைப் செய்து முடித்து இரண்டு முறை சரிபார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.